தோற்கிற ராஜா தளபதியான கதை

குண்டலப்பாடிக்காரர்களைக் கோழைகள் என்று சிலர் சொல்கிறார்கள். அபாண்டம். அவர்கள் ஒரு போரை முறைப்படி நடத்தி, முறைப்படி முடித்தவர்கள்.

அந்தக் கோடையில் பக்கத்து ஊரான கீழ்வாக்கத்தின் ஏரி வற்றிவிட்டது. குண்டலப்பாடி ஏரியில் கீழ்வாக்கம் பக்கமாக ஒரு பழைய மதகு உண்டு. கல் வைத்து அடைத்து ரொம்ப காலமாகிறது. அதை உடைத்துத் தண்ணீரைக் கொண்டுபோகக் கடப்பாரைகளோடு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. குண்டலப்பாடியின் நெல் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. தண்ணீர் போனால் ஊருக்கு அந்த வருஷம் சோறு கிடையாது.

மணியக்காரர் சாமிக்கண்ணு ஊரைக் கூட்டினார். "சண்டை தெரிஞ்சவன் யாரு?"

எல்லோரும் கூத்து வாத்தியார் பொன்னுரங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். திருவிழாவுக்குத் திருவிழா போர்க்கூத்து ஆடுகிறவர். போர் நடக்கிற இடமும் களம், கூத்து நடக்கிற இடமும் களம். அதற்குமேல் அந்த ஊரில் யாரும் யோசித்ததில்லை.

"நீங்க எத்தனை போர் பாத்திருப்பீங்க மாமா?" என்று மத்தளக்காரன் ஏழுமலை கேட்டான்.

"வருஷத்துக்கு ஒண்ணு."

"முடிவு?"

"நமக்குத் தோற்கிற ராஜா வேஷம்தானே. எல்லாத்துலயும் செத்தேன்."

மணியக்காரர் அசந்துபோனார். "இந்தச் சுத்துவட்டாரத்துல போர்ல இத்தனை தடவை செத்தவன் வேற எவன் இருக்கான்?"

பொன்னுரங்கம் தளபதியானார்.

ஒருவன் அரிவாள் கொண்டுவந்தான். தளபதி அதைத் தொட்டுப் பார்த்தார். "இது வெட்டுமே. வீட்டுல கொண்டுபோய் வை. என் போர்ல இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் கீறல் விழுந்ததில்லை."

மரக்கதாயுதத்துக்குப் புதுச் சாயம் பூசினார்கள். கிரீடத்தில் உதிர்ந்த கண்ணாடித் துண்டுகளை ஒட்டினார்கள்.

"எதிரி வேஷம் யார் கட்டுறது?" என்று ஒருவன் கேட்டான்.

"அவங்களே வர்றாங்களாம்."

"பாவம், நல்ல மனுஷங்க."

ஏழுமலைக்கு மட்டும் ஒரு சந்தேகம். "தோற்கிற ராஜா நம்ம பக்கம் இருந்தா நாம தோத்துடுவோமே மாமா. ஜெயிக்கிற ராஜாவை நீங்களே கட்டினா என்ன?"

"அந்தப் பாட்டு எனக்கு வராதுடா. அது அருணகிரி பாட்டு."

ஜெயிக்கிற ராஜா வேஷம் கட்டிக்கொண்டிருந்த அருணகிரி கீழ்வாக்கத்தில் பெண்ணெடுத்து, வீட்டோடு மாப்பிள்ளையாக அங்கேயே தங்கிவிட்டவன். சபை நெடுநேரம் யோசித்தது. கடைசியில் மணியக்காரர் தீர்ப்புச் சொன்னார்: "பாட்டு தெரியாம ஜெயிக்கிறதைவிட, பாட்டு தெரிஞ்சு தோக்கறதுதான் ஊருக்கு மரியாதை."

பொழுது விடிந்ததும் கீழ்வாக்கத்துப் படை வந்தது. ஏரிக்கரையில் இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம். கூத்தில் எந்த ராஜாவும் சும்மா வந்துவிட முடியாது. கட்டியக்காரன் கேட்க, இன்னார் என்று பாடித்தான் வரவேண்டும். கட்டியக்காரன் குப்பன் முன்னால் வந்தான்.

"வருவது யாரோ? எந்த நாடோ? எந்தக் குலமோ?"

கீழ்வாக்கத்துத் தலைவன் வேம்புலி முறைத்தான். "தள்ளுடா. மதகை உடைக்கணும்."

"உடைங்க. யார் வேணாம்னா? அதைப் பாட்டாச் சொல்லுங்க."

வேம்புலி கடப்பாரையை ஓங்கினான். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் எழும்பியது. அருணகிரி. கல்யாணமானதிலிருந்து அவனை யாரும் பாடச் சொன்னதில்லை. தன் குலம், கோத்திரம், தோள்வலி எல்லாவற்றையும் பாடிக்கொண்டே அவன் கடப்பாரையைக் கீழே வைத்தான். மத்தளம் சேர்ந்துகொண்டது. கீழ்வாக்கத்துப் படை ஒவ்வொருவராக உட்கார்ந்தது. வேம்புலி கொஞ்சம் தாமதமாக உட்கார்ந்ததால் அவனுக்கு முன்வரிசை கிடைக்கவில்லை.

மதியம் கீழ்வாக்கத்துப் பெண்கள் தங்கள் படைக்குக் கூழ் கொண்டுவந்தார்கள், அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் அருணகிரி மரக்கதாயுதத்தால் பொன்னுரங்கத்தின் தொடையில் அடித்தான். அவர் சுழன்று, மதகுக்குக் கீழே காய்ந்து கிடந்த கால்வாயில் விழுந்தார். பாதி எழுந்து ஒரு பாட்டு, மறுபடி விழுந்து ஒரு பாட்டு என்று அருமையாகச் செத்தார். கீழ்வாக்கத்துக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். எதற்கு வந்தோம் என்பது யாருக்கும் நினைவில்லை. கடப்பாரைகள் கரையிலேயே கிடந்தன.

குண்டலப்பாடிக்காரர்கள் அவற்றைச் சுற்றி நின்றார்கள்.

"தண்ணி நம்மகிட்டயே இருக்கே" என்றான் குப்பன்.

"ஆனா நாம தோத்துட்டமே" என்றான் ஏழுமலை.

மணியக்காரர் முகம் சிறுத்தது. "தோத்த ஊரு தண்ணியை வச்சுக்கிட்டா அதுக்குப் பேரு திருட்டு. நாம ஏமாளின்னு பேரெடுத்தாலும் திருடன்னு எடுக்கக் கூடாது."

எல்லோருமாகச் சேர்ந்து மதகை உடைத்தார்கள். கீழ்வாக்கத்துக் கடப்பாரைகளால்தான் உடைத்தார்கள்; பிற்பாடு யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது அல்லவா?

தண்ணீர் கால்வாயில் பாய்ந்தது. தளபதி மிதந்தார்.

"மாமா, எழுந்திருங்க" என்று ஏழுமலை கரையோடு ஓடினான்.

பொன்னுரங்கம் ஒரு கண்ணைத் திறந்தார். "மங்களம் பாடியாச்சா?"

"இல்ல மாமா. பாடறவன் மதகை இடிச்சிக்கிட்டிருக்கான்."

"மங்களம் பாடாம செத்தவன் எப்படிடா எழுந்திருப்பான்?" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு, கிரீடத்தோடு கீழ்வாக்கம் நோக்கிப் போனார்.

மறுநாள் அங்கிருந்து ஆள் வந்தது. "தண்ணி வந்து சேந்துச்சு, ரொம்ப சந்தோஷம். கூடவே உங்க தளபதியும் வந்திருக்காரு. கூழு ஊத்தினா குடிக்கிறாரு. எழுந்திருன்னா மட்டும் மாட்டேங்கறாரு. என்ன பண்ணட்டும்?"

மணியக்காரர் சபையைக் கூட்டி, கலந்து பேசி, பதில் சொல்லி அனுப்பினார்: "தண்ணி இல்லாததால இந்த வருஷம் நெல்லு இல்ல. நெல்லு இல்லாததால திருவிழா இல்ல. திருவிழா இல்லாம மங்களம் பாடுற வழக்கம் எங்க ஊர்ல இல்ல. அடுத்த வருஷம் பாடிடறோம். அதுவரைக்கும் நிழல்ல போட்டு வையுங்க."