கை தொட்டுத் துக்கம் கேட்ட கதை

காக்கை பேசினால் மனிதனுக்கும், மனிதன் பேசினால் காக்கைக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், ஒச்சப்பன் என்று உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி இருந்தான். இருவருக்கும் பொதுவான கிணற்றில் அவன் முறை வந்த நாளில், தம்பி விருமன் மாட்டைக் கமலையில் பூட்டித் தண்ணீரை வற்ற இறைத்துவிட்டான். அண்ணன் போட்டிருந்த கம்புப் பயிர் கருகிப்போயிற்று. "இனி அவனோடு பேசினால் நான் என் அப்பனுக்குப் பிறந்தவன் இல்லை" என்றான் ஒச்சப்பன். ஏழு வருஷம் பேசவில்லை. சொன்னால் சொன்னதுதான், அவன் அப்படிப்பட்ட மனுஷன்.

ஒருநாள் அவன் உழுதுகொண்டிருக்கையில் ஒரு காக்கை வந்து வரப்பில் உட்கார்ந்தது.

"உன் தம்பி பெண்டாட்டி விடியக்காலம் போய்விட்டாள்."

ஒச்சப்பன் மாட்டை நிறுத்தவில்லை.

"விருமன் அவளை எடுக்க விடமாட்டேன் என்கிறான். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊர் ஆம்பளைகள் எல்லாம் பேசிப் பேசித் தேற்றிப் பார்த்தாகிவிட்டது. நெஞ்சு அடைத்து அவனும் போய்விடுவான் போலிருக்கிறது."

"நான் சத்தியம் பண்ணியிருக்கிறேன்."

"உன் அப்பன்தானே அவனுக்கும் அப்பன்? போன வாரம் ஒரு எலிக்காக எங்கள் காக்கைக் கூட்டத்தில் ஒருத்தன் கண்ணைக் கொத்தப் போனேன். நேற்று அவன் செத்தான். முதல் ஆளாகப் போய்க் கத்தினவன் நான். எலியை இன்னும் மறக்கவில்லை, ஆமாம்!"

காக்கை பறந்துவிட்டது. ஒச்சப்பன் ஏரை அப்படியே போட்டுவிட்டு நடந்தான்.

வாசலில் நின்றவர்கள் விலகினார்கள். தம்பி தலை நிமிர்ந்து பார்த்தான். ஏழு வருஷத்தில் அவன் முகத்தில் கிழடு தட்டியிருந்தது. ஒச்சப்பனுக்கு 'அடேய்' என்று வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினான். என்ன செய்வதென்று தெரியாமல், உழவு மண் ஒட்டிய இரண்டு கையையும் நீட்டினான்.

விருமன் அதன்மேல் தன் கைகளை வைத்தான். அவ்வளவுதான், "அண்ணே!" என்று அலறிவிட்டான். ஊரே பேசி வராத அழுகை, அந்தக் கை பட்டதும் பொங்கி வந்தது. அழுது ஓய்ந்து, "எடுங்கள்" என்றான். பாடைக்கு முன்பக்கத் தோள் கொடுத்தவன் ஒச்சப்பன்.

சாகிறவரைக்கும் அவன் தம்பியோடு பேசவில்லை. கம்பு கருகினது கருகினதுதானே!

அன்று முதல்தான் எங்கள் பக்கத்து ஆண்கள், பேச்சுவார்த்தை இல்லாதவன் வீடானாலும், இழவென்றால் கூப்பிடாமலே போய், வாய் திறக்காமல் இரண்டு கையையும் நீட்டித் தொட்டுவிட்டு உட்காருகிறார்கள்.