எஞ்சிய அதிகாரம்

"பொண்ணு வீட்டுக்கு வரமாட்டேங்கறா, அம்மா."

சொன்னவர் பேராசிரியர் தணிகாசலம். கூட்டாட்சி, இறையாண்மை என்று ஆயுள் முழுக்கப் பாடம் நடத்தி, புத்தகம் புத்தகமாக எழுதி ஓய்வு பெற்றவர்.

கேட்டுக்கொண்டிருந்தவர் துறவி வடிவாம்பாள். ஒரு காலத்தில் அவருடைய வகுப்பில் கடைசி பெஞ்சு. இப்போது இந்த ஆற்றங்கரை மடத்தில் இவர் குரு, அவர் சீடர். காலம் செய்கிற கூத்து.

"என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க, சார்?"

"நியாயமாத்தான் கூப்பிட்டேன். மாடி முழுக்க உனக்கு. சமையல், வேலை, சிநேகிதம், கல்யாணம் எல்லாம் உன் முடிவு. நான் தலையிடமாட்டேன்னேன்."

"அப்புறம்?"

"இதுல சொல்லாதது ஏதாவது வந்தா மட்டும் நான் முடிவு பண்றேன்னேன்."

வடிவாம்பாள் வாய்விட்டுச் சிரித்தார்.

"பட்டியல்ல இல்லாதது யார் கையில இருக்கோ, அவங்கதான் ராஜா. அந்த எஞ்சிய அதிகாரம் மத்திய அரசுக்கு இல்ல, மாநிலத்துக்குத்தான் போகணும்னு வகுப்புல மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வீங்களே, சார்!"

தணிகாசலத்தின் முகம் சுண்டிப்போயிற்று.

"பயம்மா. எல்லாத்தையும் குடுத்துட்டா, எனக்கு அவகிட்ட என்ன மிச்சம் இருக்கும்?"

வாசலைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

"அவ அம்மா போனதுலேர்ந்து, சாயங்காலமானா காது கேட் பக்கமே இருக்கு. வர்றது பால்காரர்தான்."

வடிவாம்பாள் எழுந்து, தன் அறையை விட்டு வெளியே போய் வாசலில் நின்றார். நல்ல வெயில்.

"உள்ள வரலாமா, சார்?"

"இது உங்க அறை, அம்மா. என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?"

"உள்ள நீங்க இருக்கீங்களே."

வடிவாம்பாள் வெயிலிலேயே நின்றார்.

"ஐயோ, வாங்கம்மா, வாங்க" என்று பதறி எழுந்த தணிகாசலம், அவர் உள்ளே வருவதற்குள் போனை எடுத்துவிட்டார்.

"பொற்கொடி... நான் அங்க வந்து கொஞ்ச நாள் உன்கூட இருக்கலாமாம்மா? உனக்குச் சரின்னாதான்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஒரு பதிலுக்காக அவர் இப்படி ஏங்கியதே இல்லை.

"இங்க ஒரே ரூம்தாம்ப்பா" என்றாள் மகள். "கீழ பாய்ல படுப்பீங்களா?"