ஜமேதார் தேவசகாயத்தின் சேதிகள்

நியாயம் சொல்லத் தெரிந்தவர்கள் இதைக் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பாதியில் தீர்ப்புச் சொன்னால் தப்பாகிவிடும்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், மதராஸ் பட்டாளம் பர்மாவுக்குப் போயிருந்த காலம். அங்கே ஒரு மலையுச்சியில் சைகை நிலையத்துக்கு அதிகாரியாக இருந்தான் ஜமேதார் தேவசகாயம். முக்காலியில் பொருத்திய கண்ணாடியில் வெயிலைப் பிடித்து, அதை விட்டுவிட்டு மின்னச் செய்து சேதி அனுப்புவது அவன் வேலை. பதினெட்டு மைலுக்கு அப்பால், எதிர்மலையில் இருந்துகொண்டு அந்த மின்னலைப் படித்து எழுதியவன் ஹவில்தார் தணிகாசலம்.

பட்டாளத்துச் சேதி முடிந்த பிறகு இருவரும் சொந்தப் பேச்சுப் பேசுவார்கள். ஆங்கில எழுத்துகளைக் கோத்துத் தமிழ் பேசுவார்கள். அது தண்டனைக்குரிய குற்றம். தெரிந்தும் தணிகாசலம் அந்தப் பேச்சையெல்லாம் ஒரு தனி நோட்டில் எழுதிவைத்தான். அந்த மலையில் அவன் படிப்பதற்கு வேறொன்றும் இல்லை.

தேவசகாயத்தின் மனைவி சாராள் திருச்சியில் மிஷன் பள்ளி ஆசிரியை. இரண்டு வருஷத்தில் அவளுக்கு ஏழு கடிதம் வந்தது. ஏழும் ஒரே மாதிரி: “நான் சுகம். உன் சுகம் அறிய ஆவல். இங்கே மழை அதிகம்.” வெள்ளைக்கார அதிகாரி பிரித்துப் பார்த்த பிறகே கடிதம் கப்பலேறும். அதனால்தான் இப்படி எழுதுகிறார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இரண்டாம் வருஷ மழையோடு தேவசகாயத்துக்குக் காய்ச்சல் கண்டது. ஒருநாள் மேகம் விலகிய சிறிது நேரத்தில் அவனுடைய கண்ணாடி மின்னியது. “நோட்டை எரித்துவிடு. யாராவது பார்த்தால் உன் வேலை போகும். சாராளைப் போய்ப் பார்.” எரிக்கிறேன் என்று தணிகாசலம் பதில் அனுப்பினான். மூன்றாம் நாள் தேவசகாயம் இறந்துபோனான்.

விடுப்பு கிடைத்ததும் தணிகாசலம் திருச்சிக்கு வந்தான். நோட்டு இன்னும் அவனிடம்தான் இருந்தது. எரிக்க மனம் வரவில்லை. பேச்சுவாக்கில் அதைச் சொல்லிவிட்டான்.

சாராளின் முகம் மாறியது. “எனக்கு ஏழு கடுதாசி. உங்களுக்கு ஒரு நோட்டு நிறையவா?”

“எரிக்கச் சொல்லிட்டார், அண்ணி. வாக்குக் கொடுத்துட்டேன்.”

“எரிக்கிறதுக்கு முன்னால எனக்குப் படிச்சுக் காட்டக் கூடாதுன்னு சொன்னாரா?”

சொல்லவில்லை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மூன்று பிற்பகல் படித்தான். மேஜரின் தும்மலைப் பற்றித் தேவசகாயம் செய்த கேலி, செத்துப் பிறந்த தங்கள் குழந்தைக்கு அவன் மனசுக்குள் வைத்திருந்த பெயர், தணிகாசலம் அனுப்பிய பதில்கள், எல்லாம் அதில் இருந்தன. “பயமாக இருக்கிறது தணிகா. யாரிடமும் சொல்லாதே” என்று ஒரு பக்கம். தன் புருஷன் இவ்வளவு பேசுவான் என்பதே சாராளுக்கு அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு முறை ‘தணிகா’ என்று வந்தபோதும் வயிறு எரிந்தது.

தணிகாசலத்துக்கும் எரிந்தது. அதுவரை தனக்கு மட்டுமே இருந்த பேச்சைக் கேட்டு வேறொருத்தி கண் கலங்குகிறாளே என்று. மூன்றாம் நாள் ஓரிடத்தில் அவன் படிப்பதை நிறுத்தினான். அங்கே இருந்த வரி இது: “சாராளுக்கு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இதெல்லாம் அவளிடம் பேச வேண்டியது. ஊருக்குப் போகும்வரை நீ கேட்டு வை.”

இதைப் படித்தால் நோட்டு முழுவதும் அவளுடையதாகிவிடும், நான் வெறும் தபால்பெட்டி ஆகிவிடுவேன் என்று நினைத்தான். அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனான். படித்து முடித்ததும் அவள் வீட்டுக்குப் போய், அவள் கண் முன்னாலேயே நோட்டை அடுப்பில் வைத்தான்.

வேதவாக்கியங்களை அதிகாரம் அதிகாரமாக மனப்பாடம் செய்து வளர்ந்தவள் சாராள். அந்த வாரமே, கேட்டதை நினைவிலிருந்து எழுதிவிட்டாள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, ஓய்வு பெற்ற தணிகாசலம் உறவினர் கல்யாணத்துக்குத் திருச்சி வந்தவன், அவளையும் பார்க்கப் போனான். சாராள் தன் பிரதியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். தேவசகாயத்தின் பேச்சு ஏறக்குறைய சொல் பிசகாமல் இருந்தது. தணிகாசலம் சொன்ன பதில்களில் ஒன்றுகூட இல்லை. “பயமாக இருக்கிறது சாராள். யாரிடமும் சொல்லாதே” என்றிருந்தது.

“பேர் மாறியிருக்கு, அண்ணி.”

“நான்தான் மாத்தினேன். எனக்கு வந்திருக்க வேண்டிய பேச்சு. நடுவுல நீங்க வாங்கிக்கிட்டீங்க.”

தணிகாசலம் பிரதியை மூடிவைத்தான். பிறகு, தான் தாண்டிப்போன வரியைச் சொன்னான்.

சாராள் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “பன்னிரண்டு வருஷமாத் தெரிஞ்சே இருந்தீங்களா? அன்னைக்கே படிச்சிருந்தா நான் ஒரு எழுத்தை மாத்தியிருப்பேனா?” பிறகு, “இன்னொரு தரம் சொல்லுங்க” என்றாள். மூன்று தரம் சொல்ல வைத்தாள்.

கேட்டவர்களே, நண்பனின் ஒரு வரியை மறைத்து எரித்தவன் தணிகாசலம். புருஷனின் பேச்சிலிருந்து ஒரு மனிதனையே நீக்கிவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டவள் சாராள். இருவரையும் அப்படிச் செய்ய வைத்தது பொறாமை. இதில் பெரிய பிழை யாருடையது?

விடை: தணிகாசலத்துடையது. அவன் நோட்டைப் படித்துக் காட்டியதில் பிழை இல்லை. தேவசகாயம் எரிக்கச் சொன்னது இவன் வேலை போய்விடுமே என்று பயந்துதான். சாராள் பொய் என்று நினைத்தே பெயரை மாற்றினாள், ஆனால் தேவசகாயத்தின் மனசில் இருந்த பெயர் அதுதான். தணிகாசலமோ உண்மையைத் தெரிந்துகொண்டே மறைத்தான். சாராளும் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னாள். சொல்லிவிட்டு, அவனுடைய பதில்களையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தாள். எழுதாமல் விட்டதால் அவளுக்கு அவை மறந்துபோயிருந்தன. அவனுக்கும் தன் பதில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. தேவசகாயம் பேசியது மட்டும்தான் அவனுக்கு மனப்பாடமாக இருந்தது.