கடைசிச் சொட்டு வரை சில்லுன்னு

எங்கள் பக்கத்து வீட்டில் மூன்று அண்ணன்மார். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே தங்கை, மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூளை. அந்த மூளையும் தங்கையிடம்தான் இருக்கிறது. அவர்கள் சமையலறை ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் எதிரெதிரே. அதனால் இந்தப் பாளையங்கோட்டையில் வீட்டில் டி.வி. இல்லாத குறையே எனக்குத் தெரிந்ததில்லை.

மூத்தவர் ஆவுடையப்பன், நடுவில் பிறவிப்பெருமாள், கடைசி கொம்பையா. கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. தங்கை சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள், தொல்லையே அதுதான். ஒரு நாள் தங்கை வடிவு, "பால் பொங்குற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி நின்று பார்த்தார்கள். பால் பொங்கியது. சொன்ன வேலை முடிந்துவிட்டது என்று மூன்று பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

வடிவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அங்கே வந்த நீலகண்டனைப் பிடித்துப்போயிற்று. "எதைச் சொன்னாலும் 'ஏன்'னு ஒரு கேள்வி கேக்காரு அண்ணாச்சி. எங்க வீட்டு ஆம்பளைகள்கிட்ட அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை" என்று என்னிடம் சொன்னபோது அவள் கண் கலங்கியது. இந்த மூன்று பேரிடமிருந்து தப்பிக்க அவளுக்கு இருந்தது இந்த ஒரு வழிதான்.

அந்த வழியில் குறுக்கே நின்றவர் நீலகண்டனின் அப்பா, தூத்துக்குடி கேப்டன் தாணுமூர்த்தி. சரக்குக் கப்பலில் உலகம் சுற்றி ஓய்வு பெற்றவர். கோடை மத்தியானத்தில் அவருக்கு ஒரு கிளாஸ் வேண்டும்: ஜின், சாத்துக்குடி, எலுமிச்சை, புதினா, ஐஸ். அதைப் பதமாகக் கலக்கத் தெரிந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு பெண் எடுக்கலாம் என்பது அவர் கட்சி. அத்தனை கடலையும் தாண்டி அவர் கொண்டுவந்த ஞானம் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி, பாட்டிலை மகனிடம் முன்கூட்டியே கொடுத்தனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்து, அடுத்த ஷிஃப்டுக்கு வந்து வடிவை மாற்றிவிட வேண்டிய பெண் வேலைக்கு வரவில்லை. பரிசோதனை நிலையத்தில் மாட்டிக்கொண்ட வடிவு, ஸ்பீக்கர் போட்ட போனில் அண்ணன்மாருக்கு வகுப்பு எடுத்தாள்.

"எலுமிச்சம்பழத்தை நல்லா உருட்டிட்டுப் பிழியணும். புதினாவைக் கைக்குள்ள வச்சு ஒரு தட்டு தட்டணும், அப்பதான் வாசம் வரும். எல்லாத்தையும் தூக்குச்சட்டியில ஊத்தி, ஐஸ் போட்டு மூடி, கை மரத்துப்போற வரைக்கும் குலுக்கணும். சட்டி வெளியில வேர்க்கணும். கிளாஸை ஃப்ரிட்ஜுல வச்சிருக்கேன். கடைசிச் சொட்டு வரைக்கும் கிளாஸு சில்லுன்னு இருக்கணும், அவருக்கு அதுதான் முக்கியம். என் வாழ்க்கை உங்க கையிலதான் இருக்கு, எண்ணே."

"நீ கவலைப்படாத தாயி. நீ சொன்னதுல ஒரு இம்மி மாறாது" என்றார் ஆவுடையப்பன். நான் ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதலில் எலுமிச்சை. ஐந்து பழம் இருந்தது.

"எம்புட்டுத் தூரம் உருட்டணும்ணே?" என்றான் கொம்பையா.

"'நல்லா'ன்னு சொல்லிருக்கா. வீட்டுக்குள்ள உருட்டுனா சுவத்துல முட்டி நின்னுரும். அது நல்லா உருட்டுனதுல சேருமா?" என்றார் மூத்தவர்.

"சேராது" என்றார் பிறவிப்பெருமாள். "தெருதான் சரி. சரிவா இருக்கு."

அன்றைக்கு அமாவாசை. உச்சி வெயில். ஆளில்லாத தெருவில் ஐந்து எலுமிச்சம்பழங்கள் தாமாக உருண்டு வந்ததை எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் பார்த்துவிட்டாள். "யாரோ செய்வினை வச்சிட்டான் டோய்!" என்று அவள் போட்ட கூச்சலில் தெரு முழுக்கக் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. புது ஆட்டோ வாங்கிய ஒருவர் மட்டும் சந்தோஷமாக வண்டியை வளைத்து, நான்கு பழங்கள்மீதும் ஏற்றி இறக்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். ஒரு பழம் தப்பித்து என் வீட்டு கேட்டில் வந்து நின்றது. கொம்பையா அதை எடுத்துக்கொண்டு, "நல்லா உருண்டுருக்குண்ணே" என்று திருப்தியாக உள்ளே போனான்.

அந்த ஒரு பழத்தைப் பிழியப் போகும்போது பிறவிப்பெருமாள் தடுத்தார். "பெரிய மனுசன் வாராரு. கையில எலுமிச்சம்பழம் குடுத்துக் கும்பிட வேண்டாமா? வெறுங்கையோட வரவேற்க நாம என்ன நாகரிகம் தெரியாதவங்களா?"

எலுமிச்சையைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

அடுத்து புதினா. கொம்பையா உள்ளங்கையில் இலையை வைத்துத் தட்டினான். வாசம் வரவில்லை, அவனுக்கு மூன்று நாளாக ஜலதோஷம். வாசம் வரும்வரை தட்ட வேண்டும் என்று அண்ணன்மாரும் சேர்ந்துகொண்டார்கள். தட்டத் தட்டத் தாளம் தானாகவே அமைந்துவிட்டது. செய்வினை எடுக்கப் பூஜை நடக்கிறது என்று நினைத்துப் பேச்சியம்மாள் சூடம் கொடுத்தனுப்பினாள். அதை என்ன செய்வது என்று வடிவு சொல்லாததால் பத்திரமாக எடுத்து வைத்தார்கள்.

ஜின், சாத்துக்குடிச் சாறு, புதினா, ஐஸ் எல்லாம் தூக்குச்சட்டிக்குள் போயிற்று. குலுக்குவதற்கு மூத்தவர் முன்வந்தார். சட்டியைத் தூக்கினார், உடனே கீழே வைத்தார்.

"முடிஞ்சுது."

"இன்னும் குலுக்கவே இல்லியேண்ணே!"

"கை மரத்துப்போற வரைக்கும்தானல குலுக்கச் சொன்னா? எனக்குச் சுகர் வந்ததுலேருந்து கை மரத்துப்போய்த்தான் இருக்கு. இதுக்கு மேல குலுக்குனா அவ சொன்னதை மீறுனதா ஆயிரும்."

தம்பிமார் இருவரும் அண்ணனின் கையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

சட்டி வேர்க்க வேண்டியதுதான் பாக்கி. உற்றுப் பார்த்தால் வெளியே துளித்துளியாக நீர் கட்ட ஆரம்பித்திருந்தது. பிறவிப்பெருமாள் பதறிப்போய், "ஒழுகுது போல" என்று துண்டால் அழுத்தித் துடைத்தார். துடைத்த பிறகு சட்டி காய்ந்திருந்தது.

"வேர்க்க மாட்டேங்குதே" என்றார் மூத்தவர் கவலையாக.

"குளுரான இடத்துல எவனுக்கு வேர்க்கும்?" என்றான் கொம்பையா. "மொட்டைமாடியில வச்சு, கம்பளியைப் போத்தி விடுவோம்."

மேலே கொண்டுபோய்க் கம்பளியைப் போர்த்தி, மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து காவல் காத்தார்கள். சட்டியைத் தவிர எல்லோருக்கும் வேர்த்தது. கடைசியில் ஆவுடையப்பன் நெற்றியிலிருந்து நான்கு சொட்டு சட்டிமேல் விழவும், "வேர்த்துட்டு!" என்று கீழே இறக்கினார்கள். ஐஸ் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. மூடியைத் திறந்தபோது உள்ளிருந்து வந்த அனல் என் ஜன்னல் வரை அடித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கேப்டன் வந்தார். நீலகண்டன் அப்பாவை வாசலில் இறக்கிவிட்டு வடிவை அழைத்துவரப் போய்விட்டான். மூன்று பேரும் வரிசையாக நின்று கும்பிட, மூத்தவர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார். கேப்டன் நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"சார், தப்பா நினைக்கக் கூடாது" என்றான் கொம்பையா. "அந்தப் பழத்தைக் கொஞ்சம் திருப்பித் தாங்க. பிழியணும்."

கேப்டன் திருப்பிக் கொடுத்தார். பழம் பிழியப்பட்டது. சட்டியோடு மூன்று பேரும் ஃப்ரிட்ஜைத் திறந்து, நடுத்தட்டில் மாவுப் பாத்திரத்துக்கும் தயிருக்கும் நடுவில் இருந்த கிளாஸில் ஊற்றினார்கள். அப்புறம் அங்கேயே நின்றார்கள்.

கேப்டன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கே வந்தார். "என்ன வேய், கொண்டாரதுக்கு என்ன?"

"கிளாஸை வெளிய எடுக்க முடியாது சார். எடுத்தா சில்லுப் போயிரும். கடைசிச் சொட்டு வரைக்கும் சில்லுன்னு இருக்கணும்னு தங்கச்சி உத்தரவு."

"அப்ப நான் எப்படிக் குடிக்க?"

"நீங்க உள்ள வாங்க" என்றார் ஆவுடையப்பன், விருந்தினரை அழைக்கிற அதே மரியாதையோடு.

கேப்டன் மூன்று முகங்களையும் பார்த்தார். ஒன்றில்கூடச் சிரிப்பு இல்லை. கப்பலில் உத்தரவென்றால் உத்தரவு. குனிந்து தலையை உள்ளே விட்டார். ஒரு வாய் குடித்த சத்தம் கேட்டது.

"தூ! கசாயம் மாதிரில்லா சுடுது!"

போச்சு, வடிவின் வாழ்க்கை போச்சு என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் தலை வெளியே வரவில்லை. பாளையங்கோட்டை மே மாதத்தில் ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்ட மனிதன் எதற்காக வெளியே எடுப்பான்? தோள் உள்ளே போயிற்று. அப்புறம் ஒரு நீண்ட பெருமூச்சு.

வடிவும் நீலகண்டனும் வந்தபோது சமையலறையில் அவர்கள் கண்டது கேப்டனின் முதுகைத்தான். வடிவு அப்படியே கதவில் சாய்ந்துவிட்டாள். பாவம், அந்தப் பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நீலா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "எத்தனையோ துறைமுகம் பார்த்தாச்சு. இப்படி ஒரு சுகத்தை எவனும் எனக்குக் குடுத்ததில்லடே. சம்மதம்! இந்த வீட்டுலதான் பொண்ணு எடுக்கோம். நீயும் உள்ள வா!"

நீலகண்டன் ஃப்ரிட்ஜைப் பார்த்தான். அப்பாவின் முதுகைப் பார்த்தான். மூன்று அண்ணன்மாரையும் பார்த்தான். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "ஏன்..." என்று ஆரம்பித்தான்.

வடிவின் முகத்தில் உயிர் வந்தது. நானும் இங்கே நிம்மதியாக மூச்சு விட்டேன். இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள்!

"ஏன் நடுத்தட்டைக் கழட்டல?" என்றான் நீலகண்டன். "கழட்டிட்டா ரெண்டு பேரு தாராளமா நிக்கலாமே."

அண்ணன்மார் மூவரும் மாப்பிள்ளையின் அறிவைக் கண்டு மெய்மறந்து போனார்கள். தயிர், தக்காளி, மாவுப் பாத்திரம் ஒவ்வொன்றாக வடிவின் கைக்கு வந்தது. தட்டு கழன்றது. நீலகண்டன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து அப்பாவுக்குப் பக்கத்தில் புகுந்துகொண்டான்.

வடிவு கையிலிருந்த மாவுப் பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு அதைக் கீழே வைத்தாள். தூக்குச்சட்டியில் மிச்சம் இருந்த சூடான ஜின்னை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"போதும். ஃப்ரிட்ஜைச் சாத்துங்க" என்றாள்.

தங்கை சொல்லை என்றைக்குத் தட்டியிருக்கிறார்கள்? மூன்று பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவில் தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார்கள். உள்ளே இரண்டு பேர் கத்துவது தெருவரைக்கும் கேட்டது. தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, ஆவுடையப்பன் மூச்சு வாங்கத் திரும்பினார்.

"தாயி, காலு நாலும் வெளிய நிக்குது. மடிச்சு வைக்கட்டுமா?"