மிட்டாதார் தின்னாத உருண்டை

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். ஊருக்கே ராஜா மாதிரி நடந்துகொண்ட மிட்டாதாருக்கு முழங்கால் வீக்கம் வடியவே இல்லை. லேகியம் கொடுத்த மருந்துக்கடை குழந்தைவேலு முதலியாரை இழுத்துவந்து மாளிகைத் தூணில் கட்டிவைத்தார்.

"போலி மருந்து விக்கிறவனுக்குக் கடை எதுக்கு? கொளுத்துங்கடா!"

பந்தத்தோடு கிளம்பிய ஆட்களை வாசலிலேயே மறித்தாள் முதலியாரின் மனைவி உண்ணாமுலை. கையில் ஓர் இலைப் பொட்டலம்.

"எசமான், கருவாடு ஆகாதுன்னு பத்தியம் சொன்னாரே, இருந்தீங்களா?"

"மோந்துகூடப் பாக்கலை!" ஊரே கேட்கக் கத்தினார் மிட்டாதார்.

"அப்படின்னா மருந்துதான் பொய். கடையைக் கொளுத்துங்க, நாங்க ஊரைவிட்டே போயிடறோம். அதுக்கு முன்னாடி இந்தக் கடைசி உருண்டையை மட்டும் முழுங்கிடுங்க. பத்தியம் காத்தவங்களுக்கு இது தேனா இனிக்கும். கருவாடு தின்ன வாய்க்குத்தான் ஆகாது. விடியறதுக்குள்ள பல்லெல்லாம் கொட்டிடும்."

மிட்டாதார் அலட்சியமாக வாங்கினார். வாய்வரை கொண்டுபோன கை அங்கேயே நின்றுவிட்டது. பந்தம் சடசடத்தது.

"ஒரே ஒரு துண்டு தின்னிருந்தா?" என்றார் மெதுவாக.

பின்னால் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மிட்டாதார் உருண்டையைத் திருப்பிக் கொடுத்தார். "அவுத்து விடுங்கடா" என்றார், தலையை நிமிர்த்தாமலே.

வீட்டுக்குப் போகும் வழியில் உண்ணாமுலை அந்த உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். முதலியார் பதறிப்போய் அவள் தாடையைப் பிடித்தார்.

"அடிப்பாவி, துப்பு! நேத்து நம்ம வீட்டுலயும் கருவாட்டுக் குழம்புதானே!"

"சுக்குப்பொடியில புரட்டின எள்ளுருண்டைங்க இது," என்றாள் அவள், மென்றுகொண்டே. "மருந்து விக்கிற நீங்களே நம்பிட்டீங்க. அவர் நம்பாம என்ன செய்வார்?"