அதிர்ச்சி தாங்காத கேன்

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே பைபர் படகு கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. இருந்தது என்று சொன்னதிலேயே பாதிக் கதை முடிந்துவிட்டது. அங்கே வேலை பார்த்த கலியமூர்த்தி, அஞ்சப்பன், தங்கராசு மூவரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். முதலாளி ரத்தினவேலுவுக்குப் பிடித்த சனியே அதுதான்.

படகுக்குப் பூசும் ரெசின் பசையை இறுக வைக்கும் பெராக்சைடு கேனை இறக்கிவிட்டு அவர் சொன்னார்: "இது பொல்லாத மருந்துப்பா. இரும்பு படக்கூடாது. நெருப்புக்குப் பக்கத்துல கொண்டுபோகக்கூடாது. முக்கியமா, அதிர்ச்சி கொடுக்கக்கூடாது. கொடுத்தீங்க, பட்டறையும் இருக்காது, என் மச்சானுக்குக் கட்டுற படகும் இருக்காது."

சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குச் சாப்பிடப் போனார். பாவம்.

முதல் வேலையாக, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் தங்கராசுவைக் கேன் பக்கமே வராதே என்று மூலையில் நிறுத்தினார்கள். பிறகு கேன் கண்ணில் படாமல் செய்தித்தாளை ஒளித்தார்கள். ரேடியோவை அணைத்தார்கள். மாமியார் ஒரு மாதம் தங்க வருகிறாள் என்று போன் வந்ததும், அஞ்சப்பன் கடற்கரைக்கு ஓடிப்போய் அலறிவிட்டு வந்தான்.

டீ போடும் நேரம் வந்தது.

"கேனை அடுப்புக்கிட்ட கொண்டுபோகக்கூடாதுன்னாரே," என்றான் கலியமூர்த்தி.

"அதை எதுக்குண்ணே தூக்கணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும். அடுப்பை இங்க கொண்டாந்துடலாம்," என்றான் அஞ்சப்பன்.

எப்பேர்ப்பட்ட மூளை! கேனை ஒட்டி அடுப்பு எரிந்தது.

பால் பொங்குமுன் பக்கத்துச் சாக்கு பற்றிக்கொண்டது. முதலில் பார்த்த தங்கராசு கத்த வாயெடுத்தான். கேனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். கலியமூர்த்தியைச் சைகையால் கூப்பிட்டுக் காதில் சொன்னான்.

"அண்ணே, சாக்கு கொஞ்சம் வெளிச்சமா இருக்கு."

"மெதுவா பேசுடா. அதுக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே. முகம் அந்தப் பக்கம் இருக்கு."

"தண்ணி ஊத்தலாமா?" என்று கிசுகிசுத்தான் அஞ்சப்பன்.

"ஊத்துனா, எதுக்கு ஊத்துறாங்கன்னு அதுக்குச் சந்தேகம் வராதா?" என்றான் கலியமூர்த்தி.

நியாயம்தானே. தீ கூரைக்கு ஏறியது. சொல்லும்போதே எனக்கு நெஞ்சு பதைக்கிறது. அவர்களோ கேனைப் பார்த்துச் சிரித்தபடி, சர்க்கரை வாங்கப் போகிறவர்கள் மாதிரி ஓசைப்படாமல் வெளியே நடந்தார்கள்.

தென்னந்தோப்பை எட்டியபோது டமார்! பட்டறை, படகு, பால் சட்டி எல்லாம் ஒன்றாக வானத்துக்குப் போயின.

ரத்தினவேலு கழுவாத கையோடு ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டார். "பாவிகளா! அதிர்ச்சி கொடுக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா!"

"நாங்க மூச்சே விடலைங்க முதலாளி," என்றான் கலியமூர்த்தி. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு மெல்லத் திரும்பி மற்ற இருவரையும் முறைத்தான்.

"உண்மையைச் சொல்லுங்கடா. யாரு அதுகிட்ட போய்ச் சொன்னது?"