மச்சினர் காத்த வாசல்

பூங்கோட்டை அமரசேகர ராஜாவுக்கு எதிரிகளால் வந்த தொல்லை கொஞ்சம்தான். மச்சினரால் வந்தது அதிகம்.

பூங்கோட்டைக்கும் பாலைக்கோட்டைக்கும் நடுவே ஓர் ஏரி. அதன் தண்ணீருக்காக இரண்டு ஊரும் வெட்டிக்கொண்டு செத்த காலம் உண்டு. பிறகு புத்தி வந்து, வருஷத்துக்கு ஓர் ஆட்டம், ஜெயித்தவருக்கு அந்த வருஷத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டார்கள். வழுவழுப்பான கல்தளத்தில் விளக்கெண்ணெய் பூசுவார்கள். அதில் வழுக்கிக்கொண்டே வளைகோலால் மரத்தாலான வட்டு ஒன்றைத் தள்ளி எதிராளியின் வாசலுக்குள் போட வேண்டும். இதைக் கண்டுபிடித்தவன் எண்ணெய் வியாபாரியாகத்தான் இருக்க வேண்டும்.

பூங்கோட்டையில் வாசல் காக்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ராணி செண்பகவல்லியின் தம்பி வீரகேசவர். உள்ளூர்ப் பழக்க ஆட்டங்களில் வட்டு வந்தால் போதும், பாய்வார், புரள்வார், அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போடுவார். கூட்டம் கைதட்டி ஓயாது. வட்டு உள்ளே போயிருக்கும், அது வேறு விஷயம். இன்னொருவன் கோட்டைக் காவல்காரன் சடையன். அவன் சும்மா நிற்பான். வட்டு வந்து அவன் முழங்காலில் முட்டிக் கீழே விழும். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும்.

அந்த வருஷம் மழை இல்லை. ஏரியும் போனால் நாற்று கருகும், ஜனங்கள் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான். ராணியோ, வாசலில் தம்பியை நிறுத்தாவிட்டால் பிறந்த வீட்டுக்குப் போகப் பல்லக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றுவிட்டாள். ராஜா, சபை விகடர் அரங்கப்பரைக் கூப்பிட்டார்.

"இரண்டு பேரில் யாரய்யா கெட்டிக்காரன்? மழுப்பாமல் சொல்லும்."

"மகாராஜா, வட்டு போன இடத்துக்குப் பாய்கிறார் வீரகேசவர். வட்டு வரப்போகிற இடத்தில் முன்கூட்டியே போய் நிற்கிறான் சடையன். பாவம், அவனுக்குப் பாய்வதற்கு வேலையே இல்லை."

ராஜாவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அப்படியானால் சடையன்தான் நிற்க வேண்டும், ராணியும் முகம் சுளிக்கக் கூடாது, இரண்டில் ஒன்று தப்பினாலும் உம்மை மொட்டையடித்து நாட்டைவிட்டு ஓட்டிவிடுவேன் என்றார். அரங்கப்பர் "உத்தரவு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். பயத்தில் தொண்டைக்குள் சோறு இறங்கவில்லை.

ஆட்டத்துக்கு முதல் நாள் பாலைக்கோட்டை ராஜா பரிவாரத்தோடு வந்து இறங்கினார். தளத்தைப் பார்க்கப் போன இடத்தில் அவருடைய வாசல்காரன் எண்ணெயில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். செய்தி காதில் விழுந்ததும் அரங்கப்பருக்கு நல்ல பசி எடுத்தது. சாப்பிட்டுவிட்டு நேரே ராணியிடம் போனார்.

"தாயே, விருந்தாளி வாசலுக்கு ஆளில்லாமல் தவிக்கிறார். நம்மிடம் இருப்பதில் உசத்தியானதைக் கொடுத்தால்தானே ராஜ மரியாதை? சடையனைக் கொடுத்தால் ஊர் சிரிக்காதா?"

ராணிக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. தம்பிக்குத் தன் கையாலேயே திலகமிட்டு அனுப்பினாள். குட்டிக்கரணத்தின் புகழை மட்டும் கேள்விப்பட்டிருந்த பாலைக்கோட்டை ராஜா, கண் கலங்கி நன்றி சொன்னார்.

ஆட்டம் நடந்தது. வீரகேசவர் அன்று பாய்ந்த பாய்ச்சலைப் போல யாரும் பார்த்ததில்லை. உள்ளே போன வட்டுகளை எண்ணியவர்கள் பாதியில் களைத்து விட்டுவிட்டார்கள். எதிர்ப்பக்கம் சடையன் நின்றான். ஒன்றும் போகவில்லை. ஏரி பூங்கோட்டைக்கு என்று தீர்ப்பானது.

ஊரெல்லாம் மேளம். சபையில் மட்டும் ராணி கொதித்துக்கொண்டிருந்தாள். என் தம்பியை அயலான் வாசலில் நிறுத்தி, நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டீரே என்று அரங்கப்பரைப் பிடித்துக்கொண்டாள். வீரகேசவர் தலை குனிந்து நின்றார். ராஜா, அரங்கப்பரின் குடுமியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மானம் போனதா, தாயே? அக்காள் வீட்டுத் தண்ணீரைப் பிடுங்கி அயலானுக்குக் கொடுக்க எந்தத் தம்பிக்கு மனசு வரும்? தம் பேர் கெட்டாலும் கெடட்டும் என்று ஒவ்வொரு வட்டாக உள்ளே விட்டார். அதிலும், யாருக்கும் சந்தேகம் வராதபடி பாய்ந்து பாய்ந்து விட்டார்."

ராணி தம்பியின் பக்கம் திரும்பினாள். "அப்படியாடா?"

வீரகேசவர் கொஞ்சம் யோசித்தார்.

"வெளியே சொல்ல வேண்டாம் என்றிருந்தேன், அக்கா" என்றார்.

ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராஜா சிம்மாசனத்தில் திரும்பி உட்கார்ந்து வெகுநேரம் இருமினார். இருமல் நின்றதும் அரங்கப்பருக்குத் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். மச்சினருக்கு ஓர் உத்தரவு போட்டார்: நாட்டின் நன்மையை முன்னிட்டு, இனி எல்லா வருஷமும் பாலைக்கோட்டை வாசலை அவரே காக்க வேண்டும்.